மலை மறைக்காது, மரம் மறைக்கும்

ஆசியாஸ்டார் என்னும் செயற்கைக்கோள், 2000-ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான்-5 ராக்கெட்டில் புறப்பட்டு, நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகையில் நிலைகொண்டபோது, விண்ணிலிருந்தே நேராகக் கேட்பவரின் பெட்டிக்குப் பாட்டை அனுப்பும் வானொலிச் சேவை ஆசியாவுக்கு வந்தது. அதுவரை வானொலி என்பது தரையில் நின்ற ஒலிபரப்புக் கம்பத்தை நம்பியிருந்தது; பண்பலை ஒலிபரப்பு கம்பத்தைச் சுற்றிச் சில பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும், நடுத்தர அலை அதைவிட நெடுந்தொலைவு சென்றாலும் இரவில் பிற நிலையங்களோடு கலந்து இரையும். தரையிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே தானும் சுற்றுவதால் வானில் ஒரே புள்ளியில் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோளுக்கோ, சென்னையும் செங்கமும் ஒரே தொலைவுதான்.

இச்சேவையை நடத்திய வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனத்தை நோவா சமாரா 1990-இல் தொடங்கினார். ஆப்பிரிக்காவுக்கான ஆஃப்ரிஸ்டார் 1998 அக்டோபரிலேயே ஏவப்பட்டிருந்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய இந்தியப் பிரிவு தமிழுக்குக் கே.எல். ரேடியோ என்னும் அலைவரிசையையும் கர்நாடக இசைக்குச் சுருதி என்னும் அலைவரிசையையும் நடத்தியது; ஏ.ஆர். ரகுமான் அதன் விளம்பரத் தூதராக இருந்து, அடையாள இசையையும் அமைத்துத் தந்தார். உலகெங்கும் அந்நிறுவனத்துக்கு இருந்த சந்தாதாரர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்களே என்பதை நினைத்தால், விளம்பர இடையூறு இல்லாமல் நாளெல்லாம் இசை கேட்க இங்கே எத்தனை பேர் பணம் கட்டவும் அணியமாக இருந்தார்கள் என்பது விளங்கும்.

ஆனால் அந்த வானொலி வீட்டுத் திண்ணைக்கு வந்ததே தவிர, சாலைக்கு வரவில்லை. கருவியோடு தரப்பட்ட தட்டையான ஆன்டெனாவை மொட்டைமாடியிலோ சன்னல் ஓரத்திலோ வைத்து, கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடைப்பட்ட வானை நோக்கித் திருப்பி, சமிக்ஞை மிகுதியாக இருக்கும் கோணத்தில் நிறுத்தினால் தெளிவாகப் பாடும். அதே பெட்டியை ஓடும் காரில் வைத்தால் ஒலி அறுபட்டு அறுபட்டு வரும். இந்தக் குறை இயற்கை விதித்த எல்லையா, அல்லது பொறியியலாலும் கொள்கையாலும் தீர்த்திருக்கக்கூடியதா என்ற கேள்விக்கு விடை காண ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டிலும் நல்ல சோதனைக்களம் இல்லை. ஏனெனில் கூரை துணியாகவும், உடல் சில வேளைகளில் பைபராகவும், மின்னமைப்பு அரை நூற்றாண்டுக்கு முந்தியதாகவும் உள்ள அந்தக் காரில் ஆன்டெனாவைப் பொருத்த முனையும்போது அதன் இயற்பியல் முழுவதும் வெளியே வந்துவிடும். அந்தக் காரை நிறுத்திப் பார்ப்பதற்கு, நடுவே ஒரு மலையும் அதைச் சுற்றி 14 கிலோமீட்டர் சாலையும் கொண்ட திருவண்ணாமலை பொருத்தமான ஊர்.

திருவண்ணாமலை வடக்கு அட்சரேகை 12.2 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 79.1 பாகையிலும் அமைந்திருக்கிறது. அங்கிருந்து 105 பாகையில் நிற்கும் செயற்கைக்கோளைப் பார்க்க வேண்டிய திசையைக் கோள முக்கோணவியல் கொண்டு கணக்கிட்டால், அது நேர் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை தெற்கே விலகியும், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 57 பாகை உயரத்திலும் வருகிறது. அடிவானத்திலிருந்து அளக்கப்படும் இந்த உயரத்தை ஏற்றக்கோணம் என்பர். செயற்கைக்கோள் வானொலியின் தலையெழுத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுவே. அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள சியாட்டில் நகரவாசி, தம் நாட்டுக்கென 115 பாகை மேற்கில் நிறுத்தப்பட்ட புவிநிலைச் செயற்கைக்கோளைக்கூட ஏறத்தாழ 35 பாகை ஏற்றக்கோணத்தில்தான் பார்க்க முடியும். நிலநடுக்கோட்டை ஒட்டிய தமிழ்நாட்டுக்கு அதன் இருப்பிடமே தந்த கொடை இந்த 57 பாகை.

அண்ணாமலையின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 814 மீட்டர். சுற்றியுள்ள தரையிலிருந்து அளந்தால் ஏறத்தாழ 640 மீட்டர். கோயிலும் நகரின் பெரும்பகுதியும் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருப்பதால், ஊரில் நிற்பவருக்கு மலை முதுகுப்புறம், செயற்கைக்கோள் முகத்துக்கு நேரே. மலை குறுக்கே வரக்கூடிய ஒரே இடம், மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையின் மேற்குப் பகுதியான ஆதி அண்ணாமலை வட்டாரம். அங்கே உச்சியிலிருந்து 2 கிலோமீட்டர் தொலைவில் ஒரு காரை நிறுத்தினாலும், மலையின் விளிம்பு அடிவானத்திலிருந்து 18 பாகைக்கு மேல் எழாது. 57 பாகையில் இருந்து வரும் அலை அந்த விளிம்புக்கு வெகு மேலே கடந்து வந்துவிடும். 217 அடி, அதாவது 66 மீட்டர் உயரமுள்ள கிழக்கு ராஜகோபுரமும் அப்படியே: அந்தக் கோணத்தில் அதன் வானொலி நிழல் 43 மீட்டர் நீளமே இருக்கும், அதுவும் மேற்கு நோக்கிக் கோயிலுக்கு உள்ளேதான் விழும். சன்னதித் தெருவில் நிற்கும் வண்டிக்குக் கோபுரத்தால் எந்த இடையூறும் இல்லை. இத்தனை பெரிய மலையும் இத்தனை பெரிய கோபுரமும் மறைக்காத அலையை மறைப்பது எது என்றால், ஊரிலிருந்து மேற்கே செங்கம் செல்லும் சாலையின் ஓரத்துப் புளியமரம்.

இதைப் புரிந்துகொள்ள வரும் அலை எவ்வளவு மெலிந்தது என்பதை அறிய வேண்டும். ஆசியாஸ்டார் பயன்படுத்திய அலைவரிசை 1,467 முதல் 1,492 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது. பொறியாளர் எல்-பட்டை என்று அழைக்கும் இந்தப் பகுதியில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். சாய்ந்த பாதையில் ஏறத்தாழ 37,000 கிலோமீட்டர் கடந்து பரவி விரிந்து வரும் அந்த அலையிலிருந்து ஒரு சிறிய கார் ஆன்டெனா திரட்டும் ஆற்றல், ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். கருவி தெளிவாகப் பாடுவதற்குத் தேவையான அளவுக்கும் கையில் கிடைக்கும் அளவுக்கும் இடையே இருக்கும் உபரி மிகவும் சிறியது. நீர் நிறைந்த இலைகளும் கிளைகளும் அடர்ந்த ஒரு மரத்தின் அடியில் புகுந்தாலே அந்த உபரி கரைந்துவிடும். எண்முறை ஒலிபரப்பின் இயல்பு இங்கே நிலைமையை இன்னும் கடினமாக்குகிறது. பழைய நடுத்தர அலை வானொலி சமிக்ஞை குறையக் குறைய இரைச்சலோடாவது கேட்டுக்கொண்டிருக்கும். எண்முறை வானொலியோ ஒரு வரம்பு வரை குறையே இல்லாமல் ஒலித்து, அந்த வரம்புக்குக் கீழே அடியோடு நின்றுவிடும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நொடிக்கு 16.7 மீட்டர் கடக்கிறது. 10 மீட்டர் அகலமுள்ள தனி மரத்தின் நிழலைக் கடக்க அதற்கு 0.6 நொடி போதும்; கிளைகள் கோத்துக்கொண்டு 60 மீட்டருக்கு நீளும் மரவரிசையைக் கடக்க 3.6 நொடி. பாட்டில் ஒரு நொடி அறுந்தாலே செவி பொறுக்காது. ஆயினும் இந்த எண்கள் சிறியவை என்பதைக் கவனிக்க வேண்டும். மரத்தின் மறைப்பு நொடிக்கணக்கிலேயே முடிந்துவிடுகிறது. நொடிக்கணக்கிலான இடைவெளியை நிரப்பும் வழி அப்போதே தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் 2001-இல் எக்ஸ்எம், 2002-இல் சிரியஸ் ஆகிய நிறுவனங்கள் தொடங்கிய சேவைகள் முதல் நாளிலிருந்தே ஓடும் காருக்காக வடிவமைக்கப்பட்டவை. எக்ஸ்எம், புவிநிலைப் பாதையில் மேற்குத் தீர்க்கரேகை 85, 115 பாகைகளில் இரண்டு செயற்கைக்கோள்களை நிறுத்தி, ஒன்றிலிருந்து நேராகவும் மற்றொன்றிலிருந்து ஏறத்தாழ 4 நொடி தாமதித்தும் அதே பாடலை அனுப்பியது. கருவி இரண்டையும் நினைவகத்தில் சேர்த்து வைத்து, ஒன்றில் அறுந்த துண்டை மற்றொன்றிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளும். ஒரு மரமோ பாலமோ ஒரே நேரத்தில் இரு திசைகளையும் மறைத்தாலும், 4 நொடிக்குள் வண்டி அதைக் கடந்துவிட்டால் கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. சிரியஸ் வடக்குப் பகுதிகளின் தாழ்ந்த ஏற்றக்கோணத்தைத் தவிர்க்க, தொடக்கத்தில் மூன்று செயற்கைக்கோள்களை நீள்வட்டப் பாதையில் சுற்றவிட்டு, ஒவ்வொன்றும் நாளில் ஏறத்தாழ 16 மணி நேரம் அமெரிக்காவுக்கு மேலே உயர்ந்து நிற்குமாறு செய்தது. உயர்ந்த கட்டடங்கள் நெருங்கிய நகரங்களில், வானிலிருந்து வருவதையே வாங்கித் தரையிலிருந்து மீண்டும் அனுப்பும் மறுஒலிபரப்பிக் கம்பங்களை இரு நிறுவனங்களும் நட்டன. 2008-இல் இவை இணைந்து சிரியஸ் எக்ஸ்எம் ஆயின.

ஆசியாஸ்டாருக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஒரே செயற்கைக்கோள், ஒரே திசை, நிலையாக நிற்கும் கருவியை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட ஒலிபரப்பு முறை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2005-இல் செயற்கைக்கோள் வானொலி குறித்துப் பரிந்துரைகள் அளித்தபோதும், நாடு தழுவிய மறுஒலிபரப்பிக் கம்ப வலையமைப்பு எழவே இல்லை. ஐரோப்பாவில் ஃபியட் நிறுவனத்தோடு கைகோத்துக் கார்களுக்கான சேவை தொடங்கும் திட்டம் வேர்ல்ட்ஸ்பேஸுக்கு இருந்தது. அது கைகூடும் முன்பே, 2008 அக்டோபரில் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. 2009 டிசம்பர் 31 நள்ளிரவோடு இந்தியச் சேவை நின்றது. 57 பாகை உயரத்தில் செயற்கைக்கோளும், அதை மறைக்காத மலையும், காசு கட்டிக் கேட்க ஆளும் இருந்த நாட்டில், சாலையோரம் கம்பம் நடுவதற்கான ஏற்பாடு ஒன்று இல்லாமற் போனதால் ஒரு நல்ல தொழில்நுட்பம் வீட்டுக்குள்ளேயே முடங்கி முடிந்தது என்பது வருந்தத்தக்கது.

சேவை நின்றுவிட்டாலும் ஆன்டெனாவின் இயற்பியல் மாறவில்லை; இனி காரைப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில், 1953-இல் தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் கார்ப் பந்தயங்களை நடத்தியது. வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். அதே ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கி அமைக்கப்பட்டதுதான் 1962-இல் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் கார். இந்தியாவிலேயே உருவான ஸ்போர்ட்ஸ் கார் என்றால், 1990-களின் இறுதியில் சான் மோட்டார்ஸ் கோவாவில் தயாரித்த சான் ஸ்டார்ம் நினைவுக்கு வரும். ரெனோ இஞ்சினும் துணிக்கூரையும் பைபர் கிளாஸ் உடலும் கொண்ட சிறிய கார் அது. ஸ்பிட்ஃபயர் இரும்புத் தகட்டு உடல், சான் ஸ்டார்ம் பைபர் உடல் என்ற இந்த ஒரு வேறுபாடே ஆன்டெனாப் பொருத்துவதில் இரண்டையும் வெவ்வேறு பாதையில் அனுப்பிவிடும்.

காரில் பயன்படும் செயற்கைக்கோள் ஆன்டெனா நீண்ட கம்பியன்று. சில சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரமான பீங்கான் வில்லை ஒன்றின் மேல்முகத்தில் வெள்ளிப் பூச்சும் கீழ்முகத்தில் முழு உலோகப் பூச்சும் இருக்கும். இதைப் பேட்ச் ஆன்டெனா என்பர். உலோகப் பூச்சின் பக்கம் பாதி அலைநீளம் இருந்தால் அது அந்த அலையோடு ஒத்ததிரும். பீங்கானுக்குள் அலை சுருங்குவதால், 20 சென்டிமீட்டர் அலைக்கும் விரலகல வில்லை போதுமானதாகிறது. சதுரத்தின் மூலைகளைச் சற்றே வெட்டியோ, கேபிள் தொடும் புள்ளியை நடுவிலிருந்து நகர்த்தியோ வைப்பதற்குக் காரணம் உண்டு. செயற்கைக்கோள் அனுப்பும் அலையின் மின்புலம் ஒரே திசையில் ஆடாமல், திருகுபோல் சுழன்றபடி வருகிறது. இது வட்ட முனைவாக்கம். கிரிவலப் பாதையைச் சுற்றும் கார் ஒவ்வொரு வளைவிலும் திசை மாறினாலும், சுழலும் அலைக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான் என்பதால் ஆன்டெனாவைத் திருப்ப வேண்டியதில்லை. மேலும், சுவரிலோ லாரியிலோ பட்டுத் தெறிக்கும் அலையின் சுழற்சி எதிர்ப்புறமாக மாறிவிடும். அந்த எதிரொலியைப் பேட்ச் பெருமளவு ஏற்காமல் தள்ளிவிடும்.

பேட்ச் ஆன்டெனா தனியாக வேலை செய்யாது. அதன் அடியில், எல்லாப் பக்கமும் விரிந்த உலோகப் பரப்பு ஒன்று தேவை. பட்டறையிலும் ஆய்வகத்திலும் கிரவுண்ட் பிளேன் என்று சொல்லப்படும் இந்தப் பரப்பு, கீழே கசியக்கூடிய ஆற்றலை மேல்நோக்கித் திருப்பி, ஆன்டெனாவின் பார்வையை வானத்தின் மீது பரப்புகிறது. சாதாரணக் காரில் கூரைத் தகடே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. துணிக்கூரைக் காரில் கூரைத் தகடு இல்லை; ஸ்பிட்ஃபயர் போன்ற இரும்பு உடல் காரில் எஞ்சியிருக்கும் நல்ல இடம் டிக்கியின் மூடி. காந்த அடி கொண்ட ஆன்டெனாவை மூடியின் நடுவில் வைத்தால் சுற்றிலும் ஓர் அலைநீளத்துக்கு மேல் இரும்பு கிடைக்கும். பெயின்ட் பூச்சு இடையில் இருப்பது குறையாகாது. இத்தனை உயர்ந்த அதிர்வெண்ணில் மெல்லிய பூச்சைத் தாண்டி மின்னோட்டம் தானே இணைந்துகொள்ளும். எனவே, பழைய காரின் தகட்டில் துளை போடவோ பெயின்ட்டைச் சுரண்டவோ எந்த அறிவியல் காரணமும் இல்லை; துளை வழியே மழைநீர் இறங்கித் துருவேற்றும் என்பது மட்டுமே அதன் பலன். காந்தத்தை வைக்கும் முன் அடியை ஈரத்துணியால் துடைக்காவிட்டால் செம்மண் துகள் இடையில் சிக்கி, வண்டி அதிரும்போதெல்லாம் பெயின்ட்டை அரைத்துக்கொண்டே இருக்கும்.

டிக்கி மூடி கூரையைவிடத் தாழ்ந்தது. முன்னே எழும் துணிக்கூரையின் சட்டங்களும் அமர்ந்திருப்பவர் தலைகளும் வானை மறைக்காவா என்ற ஐயம் எழும். ஆன்டெனாவிலிருந்து 60 சென்டிமீட்டர் முன்னால், 40 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கூரை எழுகிறது என்று கொண்டால், அது மறைக்கும் கோணம் ஏறத்தாழ 34 பாகை. சியாட்டிலில் 35 பாகையில் செயற்கைக்கோளைத் தேடும் கார் தெற்கு நோக்கிச் செல்லும்போது இந்த மறைப்பு விளிம்பிலேயே தடுமாறும். திருவண்ணாமலையில் 57 பாகையிலிருந்து வரும் அலைக்கு, கார் கிழக்கே ஊரை நோக்கி ஓடினாலும் மேற்கே செங்கம் நோக்கி ஓடினாலும் இடைஞ்சல் இல்லை. மலையைத் தாண்ட உதவிய அதே ஏற்றக்கோணம்தான் காரின் சொந்த உடலையும் தாண்ட உதவுகிறது.

பைபர் உடல் காரில் காந்தம் ஒட்டாது; அடியில் உலோகமும் இல்லை. வெறும் பைபரின் மேல் வைத்த பேட்ச் ஆன்டெனா, பார்வை சிதறி, அடிவானத்துக்குக் கீழேயும் இஞ்சின் பக்கமும் காதைத் திருப்பி வைத்துக்கொள்ளும். ஆனால் இந்தக் குறையோடு ஒரு நன்மையும் பிறக்கிறது. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த அந்தப் பொருள் வானொலி அலையை ஏறத்தாழத் தடையின்றி உள்ளே விடுகிறது. ஆகவே, ஓரிரு அலைநீள அகலமுள்ள அலுமினியத் தகட்டை வெட்டி, அதன் நடுவில் ஆன்டெனாவை மேல்நோக்கிப் பதித்து, டிக்கி மூடியின் உட்புறத்தில், பைபருக்கு அடியிலேயே பொருத்திவிடலாம். வெளியே பார்ப்பவருக்குக் காரில் எதுவும் சேர்க்கப்பட்டதாகவே தெரியாது. 1953 முதல் பைபர் உடலோடு வரும் ஷெவர்லே கார்வெட் கார்களிலும் இதே இயற்பியல்தான் செல்லும். பழைய காரின் தோற்றத்தைக் காப்பாற்ற விரும்புவோருக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

துணிக்கூரையும் உலர்ந்திருக்கும்வரை அலையை விடும். நனைந்து நீர் கோத்த துணி ஓரளவு உறிஞ்சும். முன்கண்ணாடிக்கு அடியில் டேஷ்போர்டின் மேல் ஆன்டெனாவை வைக்கலாம் என்றாலும், உலோகக் கலப்புள்ள வெயில்காப்புத் தாள் ஒட்டிய கண்ணாடி அலையைத் திருப்பி அனுப்பிவிடும். சித்திரை வெயிலில் பூட்டிய காரின் டேஷ்போர்டில் இருபக்க ஒட்டுநாடாவும் இளகிவிடும்.

ஆன்டெனாவையும் கருவியையும் இணைக்கும் மெல்லிய கோ-ஆக்சியல் கேபிளில், நடுவே ஒரு செம்புக் கம்பியும் அதைச் சுற்றி வலைபோல் பின்னிய உலோக உறையும் இருக்கும். இந்த அதிர்வெண்ணில் அத்தகைய கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல், அதாவது ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலை விழுங்குகிறது. டிக்கியிலிருந்து டேஷ்போர்டு வரை 4 மீட்டர் ஓடினால் பாதிக்கு மேல் போய்விடும். ஏற்கெனவே மெலிந்த சமிக்ஞை பாதியாகாமல் இருக்கவே, ஆன்டெனாப் பெட்டிக்குள்ளேயே குறைஇரைச்சல் பெருக்கி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதற்கான மின்சாரமும் கருவியிலிருந்து அதே கேபிள் வழியாகவே ஏறிச் செல்கிறது. கேபிளை வெட்டி முறுக்கி டேப் சுற்றி ஒட்டுவது, வீட்டு ஒயரிங்கில் செல்லுபடியானாலும், இங்கே செல்லாது. டிக்கி மூடியின் ரப்பர் பீடிங்கை விரலால் உயர்த்தி, கீலுக்கு அருகே நசுங்காமல் சிறிது தொய்வு விட்டு, இருக்கைக்குப் பின்னே இறக்கி, கதவோரக் கார்பெட்டின் அடியில் கொண்டுசெல்வதே முறை. மீந்த கேபிளை இறுக்கிச் சுருட்டி மடக்கினால் உள்ளிருக்கும் காப்புப் பொருள் நசுங்கி இழப்பு கூடும்.

பழைய பிரிட்டன் கார்களில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று காத்திருக்கிறது. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த அத்தகைய கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கருவிகள் அனைத்தும் எதிர்முனை உடலில் இருப்பதாக எண்ணிச் செய்யப்பட்டவை. கேபிளின் வலையுறை கருவியின் எதிர்முனையோடு சேர்ந்தது. ஆன்டெனாவின் உலோக அடி ஒரு திருகு வழியாக உடலைத் தொட்டுவிட்டால், பேட்டரியின் இரு முனைகளும் அந்த மெல்லிய வலையுறை வழியே ஒன்றோடொன்று சேர்ந்து, கேபிள் முழுதும் நொடியில் தீய்ந்துவிடும். காரின் முனைகளைத் தேர்ந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கொண்டு மாற்றிக்கொள்வது ஒரு தீர்வு. மாற்ற விரும்பாதவர், உள்ளீடும் வெளியீடும் ஒன்றையொன்று தொடாத வகை மின்மாற்றுக் கருவியைப் பயன்படுத்தி, ஆன்டெனாவின் அடியில் மின்காப்புத் தாள் விரித்துப் பொருத்த வேண்டும். காப்புத் தாள் நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும், உயர் அதிர்வெண் அலையைத் தடுக்காது. பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் எந்த நிலையிலும் வேண்டும். பழைய டைனமோவின் தீப்பொறியும் பிளக் ஒயர்களின் தீப்பொறியும் நடுத்தர அலை வானொலியைப் பாழாக்குமளவுக்கு எல்-பட்டையைப் பாழாக்குவதில்லை என்பது மட்டும் ஆறுதல்.

அமெரிக்காவிலுள்ள உறவினர் வாங்கி அனுப்பும் சிரியஸ் எக்ஸ்எம் ஆன்டெனா இங்கே பயன்படாது. அந்தச் செயற்கைக்கோள்கள் இந்திய வானில் தெரிவதில்லை என்பது முதற்காரணம். அதிர்வெண்ணே வேறு என்னும் இரண்டாவது காரணத்துக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. 1992-இல் ஸ்பெயினின் டோரெமொலினோஸ் நகரில் நடந்த உலக வானொலி நிர்வாக மாநாட்டில், பெரும்பாலான நாடுகள் செயற்கைக்கோள் ஒலிபரப்புக்கு எல்-பட்டையை ஏற்க, விமானச் சோதனைகளுக்காக அதை விட்டுக்கொடுக்க இயலாத அமெரிக்கா 2,310 முதல் 2,360 மெகாஹெர்ட்ஸ் வரையான பகுதியைப் பெற்றது. அதே பகுதியைத் தனக்கும் ஒதுக்கிக்கொண்ட மிகச் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எனினும் இங்கே அந்த அலைவரிசையில் ஒரு பாட்டும் வானிலிருந்து இறங்கவில்லை; 2010-இல் 2,300 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகன்ற அலைவரிசை இணையத்துக்காக ஏலம் விடப்பட்டு, பின்னாளில் 4ஜி கைபேசிக் கோபுரங்களின் வசமாயிற்று. இன்று திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று செல்லும் சாலையில் பழைய காரை ஓட்டுபவர் கேட்கும் பாடல் கைபேசி வழியாகவே வருகிறது.

கைபேசிக் கோபுரம் பாட்டை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்புகிறது. கேட்பவர் பெருகப் பெருக ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு சிறுக்கிறது. பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்திலும் லட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றும் இரவுகளில், ஊருக்கு வெளியே தற்காலிக நிறுத்தங்களில் வண்டிகள் வரிசை கட்டும்போது, ஒரு பாட்டும் முழுதாக ஓடாது, போக்குவரத்து அறிவிப்பும் எட்டாது. ஒலிபரப்பின் இயல்பு வேறு: வானிலிருந்து ஒரு முறை அனுப்பியதை ஒருவர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் செயற்கைக்கோளுக்கு ஒரு துளி கூடுதல் சுமையும் இல்லை. இந்திய வானில் இன்னொரு வானொலிச் செயற்கைக்கோள் என்றேனும் பேசப்படுமானால், அதன் உரிமத்தோடு சேர்த்தே மரங்கள் அடர்ந்த சாலைகளிலும் யாத்திரை ஊர்களிலும் மறுஒலிபரப்பிக் கம்பங்கள் நடும் கடமையையும், ஓடும் வண்டிக்கேற்ற 4 நொடித் தாமதத்தையும் எழுதிவைக்க வேண்டும். 2000-இல் வந்த ஆசியாஸ்டாரின் திட்டத்தில் விட்டுப்போனவை அவை இரண்டும்தான்.